யட்சிக்குச் சமன்பாடு

என் வீட்டுக்காரருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே கல்யாணமாகி நாலாவது வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அவர் பொம்பளையாக மாறின பிறகு.

சிரிக்க வேண்டாம். நடந்ததைத்தான் சொல்கிறேன். எண்பத்து மூன்றில் தென்காசி ரத வீதிக்குப் பின்னால் குடியிருந்தோம். அவர் பெயர் தில்லைநாயகம், தாலுகா ஆபீஸில் சர்வேயர். நான் குழல்வாய்மொழி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊருக்கெல்லாம் குழலு டீச்சர். வீட்டில் மட்டும் எனக்குப் பேரே கிடையாது. "உப்பு." "துண்டு." "கதவைச் சாத்து." இதுதான் அவர் என்னோடு பேசிய பேச்சு. கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கையை ஓங்கினது கிடையாது. பக்கத்து வீட்டு முத்துவடிவு, புருஷன் வாய்க்கு வந்தபடி ஏசுகிறான் என்று என்னிடம் வந்து அழுவாள். ஏசவாவது செய்கிறானே என்று எனக்கு அவள்மேல் வயிறு எரியும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்த மனுஷன் என்னைப் பார்த்து நாலு வார்த்தை பேச வேண்டும்.

அந்த வருஷம் சாரல் தொடங்கின சமயத்தில் மருந்துக்கடை ஆவுடைநாயகம் அண்ணாச்சி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு. கட்டம் போட்ட அட்டை இல்லை, ஜெயிப்பது தோற்பது இல்லை. ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக மாறி, நான் இதைச் செய்கிறேன், இப்படிப் பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. இவ்வளவுதான் விளையாட்டு.

புத்தகத்தில் இருந்த பிசாசு, பூதமெல்லாம் அவர்கள் ஊர்ச் சரக்கு. நெருப்புக் கக்கும் பல்லியைக் குற்றாலத்துச் சாரலில் விட்டால் இருமிக்கொண்டுதான் கிடக்கும் என்று அண்ணாச்சியே அதைத் தள்ளிவிட்டு, நம் மலை, நம் அருவி, நம் ஊர்ப் பேய் பிசாசு என்று கதையை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு முன்னறையில் உட்காருவோம். அண்ணாச்சி கதையை நடத்துவார். ராயகிரிக்காரரான போலீஸ்காரர் தங்கசாமி கதையில் ஒரு சிலம்பக்காரனாக இருந்தார். நான் மூலிகை விற்கும் முப்பிடாதி. அவளுக்குப் புருஷன் கிடையாது, சமையல் கிடையாது, இஷ்டத்துக்கு மலையில் அலைவாள். அவளை உண்டாக்கின அன்றைக்கே எனக்குப் பாதி பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் பகடையை உருட்டினார். இருபது விழுந்தது. இருபது விழுந்தவர் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்று புத்தகத்தில் இருந்ததாம். துவையலா சட்னியா என்று கேட்டால்கூட வாய் திறக்காத மனுஷன் உடனே சொன்னார்.

"இசக்கி."

தங்கசாமி துள்ளி எழுந்தார். "ஏ அண்ணாச்சி, அது எங்க குலசாமில்லா! விளையாட்டுல இழுக்காதீக. பொங்கல் வச்சுக் கும்பிடுத ஆத்தா அவ."

"அப்ப யட்சின்னு வச்சுக்கோ. அது செங்கோட்டைக்கு அங்கிட்டு, மலையாளத்துல உள்ளது. உனக்குப் பாதகமில்ல" என்றார் ஆவுடைநாயகம் அண்ணாச்சி.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் யட்சி வந்தாள்.

செண்பகாதேவி அருவிக்கு மேலே ஒரு பாலை மரத்தில் அவள் குடியிருந்தாள். அண்ணாச்சி, "யட்சி என்ன செய்யுதா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். பிறகு பேசினார் பாருங்கள்! குரலைப் பெண்குரலாக மாற்றியெல்லாம் கூத்தடிக்கவில்லை. அதே குரல்தான். ஆனால் அதற்குள் சிரிப்பு இருந்தது, கிண்டல் இருந்தது, கொஞ்சல் இருந்தது. வழிப்போக்கனை எப்படிக் கூப்பிடுவாள், கூந்தலை எந்தப் பக்கம் ஒதுக்குவாள், பயப்படுகிறவனை எப்படிச் சீண்டுவாள் என்று மளமளவென்று வந்தது. தங்கசாமி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். நான் காப்பித் தம்ளரைக் கையில் வைத்தபடி நின்றேன். எனக்குக் கொடுக்காமல் இத்தனை வார்த்தையையும் இந்த மனுஷன் எங்கே பூட்டி வைத்திருந்தார்?

அந்த வாரம் முழுக்க ஷேவ் பண்ணும்போது முணுமுணுவென்று எதையோ பாடினார். என்ன பாட்டு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். யட்சிக்குப் பாட்டு, எனக்கு ஒண்ணுமில்ல. பத்திக்கொண்டு வந்தது. ஒரு பொம்பளையோடு பழகினார் என்றால் போய் அவள் குடுமியைப் பிடித்து ஆட்டலாம். காகிதத்தில்கூட இல்லாத ஒருத்தியை என்ன செய்ய?

வழி தானாக வந்தது. இரண்டு மூன்று வாரம் போன பிறகு ஆவுடைநாயகம் அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "யட்சி மட்டுமே எல்லாத்தையும் செஞ்சுருதா. சிலம்பக்காரன் கம்பைத் தூக்குமுன்ன எதிரி செத்துருதான். முப்பிடாதி மருந்து அரைக்குமுன்ன நோயாளி எந்திரிச்சு உக்காந்துருதான். பெலத்த ஆளுக்குத் தக்கன ஒரு தடையும் வேணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. பேலன்ஸ் பண்ணணுமாம். இல்லன்னா விளையாட்டு செத்துப்போவுமாம். மதினி, நீங்க கணக்கு டீச்சர். யட்சிக்கு ஒரு சமன்பாடு போட்டுத் தாங்களேன்."

போட்டுத் தருவதா? எனக்குக் கையெல்லாம் ஊறியது. ட்யூஷனுக்காகச் சுவரில் அடித்திருந்த கரும்பலகையைத் துடைத்துவிட்டு முதல் விதியை எழுதினேன். 'யட்சி ஓடுகிற தண்ணீரைத் தாண்டக் கூடாது.'

சாரல் காலத்தில் குற்றாலத்தில் திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர். மரத்தடியிலேயே கிடக்கட்டும் சிறுக்கி என்றுதான் எழுதினேன். என் வீட்டுக்காரர் பலகையைப் பார்த்தார். ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி பிடித்து அளக்கிறவருக்கு எல்லை என்றால் அதில் சந்து கண்டுபிடிக்கத் தெரியாதா?

"தாண்டக் கூடாதுன்னுதான எழுதியிருக்கு?" என்றார் யட்சியின் குரலில். "நான் எங்க தாண்டுதேன்? தண்ணி கூடவே வாரேன். செண்பகாதேவியில குதிச்சு, பேரருவியில விழுந்து, சிற்றாத்தோட தென்காசிக்கே வாரேன். அருவியில தலையைக் குடுத்து நிக்கான் பாரு ஒருத்தன், அவன் தலையில விழுதது தண்ணின்னு நினைச்சிக்கிட்டு இருக்கான்."

தங்கசாமி தொடையைத் தட்டி எழுந்து நின்றுவிட்டார். மரத்தடியில் கிடந்தவளை ஆற்றோடு எங்கள் தெரு வரைக்கும் கூட்டி வந்தது நான் எழுதின விதி. அடுத்த வாரம் தங்கசாமி பேரருவிக்குப் போனவர் தலையைக் கொடுக்காமல் காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தாராம்.

இரண்டாவது விதியை யோசித்துப் போட்டேன். யட்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கொடுத்தவனை அடித்துப்போடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். 'சுண்ணாம்பு கேட்டு வாங்காமல் யட்சி யார் மேலும் கை வைக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் பேசாமல் போய்விட வேண்டும்.' யார் கொடுக்கப் போகிறார்கள்? கேட்டாலே ஆள் உஷாராகிவிட மாட்டானா?

அவர் கேட்டார். வாசற்படியில் சாய்ந்து நிற்கிறவள் மாதிரி லேசாகத் தோளைச் சரித்துக்கொண்டு தங்கசாமியைப் பார்த்துக் கேட்டார்.

"ஏ அண்ணாச்சி, வெத்தல இருக்கு, பாக்கு இருக்கு. மலையில எனக்கு யாரு இருக்கா சுண்ணாம்பு தர? விரல் நுனியில கொஞ்சம் தந்தாப் போதும். தந்துட்டுப் போங்களேன்."

"கொடுக்கேன்" என்றார் தங்கசாமி.

"லேய், அவ யட்சிடே!" என்று அண்ணாச்சி கத்தினார்.

"தெரியும் அண்ணாச்சி. பாவமா இருக்கு" என்றார் அந்தப் போலீஸ்காரர். அந்த மாதம் முழுக்க யட்சி கேட்பதும் இவர் கொடுப்பதும் செத்துப் பிழைப்பதுமாகத்தான் கதை ஓடியது.

எனக்குப் புரிந்துபோனது. பாதையை அடைக்க அடைக்க அவள் அழகாகிக்கொண்டே போனாள். வாயைக் கட்டினால் கண்ணால் பேசினாள். வகுப்பில் மாணவிகளுக்கு இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே நான் ஒரு பக்கம் கழிக்கக் கழிக்க அந்தப் பக்கம் கூடிக்கொண்டே போனது. அவர் ஞாயிற்றுக்கிழமைக்காகத் திங்கட்கிழமையிலிருந்தே காத்திருந்தார். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தார். எனக்காக அந்த மனுஷன் ஒருநாள் கூடச் சீப்பை எடுத்ததில்லை.

அதனால் மூன்றாவது விதியைப் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் போடுவேன்.

செங்கோட்டைப் பக்கம் சொல்வார்கள். மந்திரவாதி யட்சியின் உச்சந்தலையில் இரும்பாணி அடித்துவிட்டால் அவள் சாதாரணப் பொம்பளையாகிவிடுவாள். சக்தியெல்லாம் போய், அடித்தவன் வீட்டில் அடுப்பு ஊதி, வீடு மெழுகி, வாயைத் திறக்காமல் காலம் தள்ளுவாள். என்றைக்காவது அந்த வீட்டுக்கு வரும் பொம்பளை ஒருத்தி அவளுக்குப் பேன் பார்க்கும்போது ஆணி கையில் தட்டுப்பட்டு, என்னடி இது என்று பிடுங்கினால் விடுதலை உண்டு. இல்லையென்றால் இல்லை. இதைப் பலகையில் அப்படியே எழுதினேன். ஆணி தட்டுப்பட வேண்டுமானால் பகடையில் பதினெட்டோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்றும் கீழே சேர்த்தேன். எங்கள் கதையில் பொம்பளை யார்? என் முப்பிடாதி ஒருத்திதான். யட்சிக்குப் பேன் பார்க்கிற எண்ணம் அவளுக்குக் கிடையாது.

அன்றைக்குத் தங்கசாமிக்கு மட்டும் வடை கூடுதலாக வைத்தேன். சிலம்பக்காரன் ஆணியை எடுத்தான். பகடையும் என் பக்கம் நின்றது. பத்தொன்பது.

"ஆணி இறங்கிட்டு" என்றார் ஆவுடைநாயகம் அண்ணாச்சி. "யட்சி இனி சிலம்பக்காரன் வீட்டுப் பொம்பள. தில்ல, என்ன செய்யுதா இப்ப?"

என் வீட்டுக்காரர் பகடையைக் கீழே வைத்துவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

அந்த வாரம் ஷேவ் பண்ணும்போது சத்தம் இல்லை. உப்பு, துண்டு, கதவு. பழைய ஆள் திரும்ப வந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம்தான். செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் கண்ணாடி முன்னால் சோப்பு நுரையோடு ஊமையாக நிற்கிற மனுஷனைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. அவள் இருந்தபோது அவளுக்குப் பேசினார். அவள் போனால் எனக்குப் பேச வேண்டும் அல்லவா, கணக்குப்படி? அவள் எடுத்துக்கொண்டுபோனதை எனக்குத் தரவில்லை. யாருக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் டங்கென்று வைத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெளியே பிசுபிசுவென்று சாரல். தங்கசாமி ஈரக் குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி கதையைத் தொடங்கினார்.

"சிலம்பக்காரன் வீடு. யட்சி என்ன செய்யுதா?"

இந்தத் தடவையும் பேச மாட்டார் என்றுதான் நினைத்தேன். பேசினார். சிரிப்பு இல்லை, கொஞ்சல் இல்லை. தாழ்ந்த குரல்.

"காலையில எந்திரிச்சு அடுப்பைப் பத்த வைக்கா. தண்ணி பிடிச்சு வைக்கா. மாவு ஆட்டுதா. அவன் குளிக்கப் போகுமுன்ன துண்டை எடுத்துக் கொடியில போடுதா. அவன் கேக்க வேண்டியதே இல்ல. ஆனாலும் அவன் துண்டுன்னு ஒரு வார்த்த சொல்லுவான். அதுக்காகச் சில நாள் வேணும்னே போடாம இருக்கா."

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்புறம்?" என்றார் அண்ணாச்சி.

"மத்தியானத்துக்கு ரெண்டு அப்பளம் பொரிக்கா. ரெண்டையும் அவனுக்கே வச்சிருதா. உனக்கு வேண்டாமான்னு யாராச்சும் கேட்டா, பிடிக்காதும்பா. அவளுக்குப் பிடிக்கும். அடுப்படியில நொறுங்கிக் கிடக்கத எடுத்து வாயில போடுதத அவன் பாத்திருக்கான்."

"கேக்க வேண்டியதுதானே, பாத்தவன்?" என்றார் தங்கசாமி.

"கேக்க மாட்டேங்கான்." அவர் பகடையை விரலுக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "பாத்திரத்தை டங்குன்னு வைக்கா, அவன் என்னன்னு கேப்பானான்னு. அவனுக்குக் கேக்கத்தான் செய்யுது. வாய் வர மாட்டேங்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சேலைத் தலைப்புல சாக்பீஸ் தூசியைத் தட்டிட்டு…"

தங்கசாமி சிரித்துவிட்டார். "ஏ அண்ணாச்சி, யட்சிக்கு எங்கனகூடி சாக்பீஸு வந்துது?"

என் வீட்டுக்காரர் நிறுத்தினார். காது மடல் வரைக்கும் சிவந்துபோனது. ஆவுடைநாயகம் அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு புத்தகத்துக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். தங்கசாமிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

எல்லாம் பார்த்திருக்கிறார். நாலு வருஷமாக ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல்! சொல்ல ஒரு பிசாசு வேண்டியிருந்தது, அதுவும் நான் ஆணி அடித்து ஊமையாக்கின பிசாசு. அழுகை வந்ததா, ஆங்காரம் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எது வந்தாலும் அந்தக் குரலை அப்படியே விட்டுவைக்க என்னால் முடியவில்லை. பகடையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"முப்பிடாதி அந்த வீட்டுக்குப் போறா" என்றேன். "யட்சியைக் கூப்பிட்டு முன்னால உக்கார வச்சுப் பேன் பாக்கா."

உருட்டினேன். ஏழு.

"பதினெட்டு வேணும் மதினி" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "நீங்க போட்ட விதிதான்."

எழுந்து போய்ச் சேலைத் தலைப்பால் பலகையை அழித்தேன். மூன்றாவது விதி, இரண்டாவது விதி, முதல் விதி, எல்லாவற்றையும்.

"மதினி, பேலன்ஸ் போயிருமே!"

"போட்டும். முப்பிடாதி ஆணியைப் பிடுங்கிட்டா."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். என் கண்ணை நேராகப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு திரும்ப அவர் முகத்தில் வந்தது. என்னை விழுங்குகிற மாதிரி பார்த்துக்கொண்டே யட்சி பேசினாள்.

"ஏட்டி முப்பிடாதி. உன் கை பட்டுத்தான் எனக்கு உசிரு வந்துது. இங்கன நமக்கு என்ன இருக்கு? வா, போவோம். எங்கூடப் பேசிக்கிட்டே வா. மலை ஏறுத வரைக்கும் பேசுவோம், ஏறின பொறவும் பேசுவோம். நீ கேக்காம விட்டதெல்லாம் கேளு."

தங்கசாமி கை தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே நிமிஷம் உள்ளே சுரீர் என்றது. யாரைக் கூப்பிட்டார்? முப்பிடாதியை. சமைக்காத, துவைக்காத, மூலிகைக் கூடையோடு ஊர் சுற்றுகிற, நான் உண்டாக்கி விட்ட அந்தச் சண்டாளியை! நாலு வருஷம் நான் காத்திருந்த பேச்சு அவளுக்குப் போனது. யட்சியையாவது அவர் கூட்டி வந்தார். இவளை நானே அல்லவா பெற்று எடுத்து என் புருஷன் முன்னால் உட்கார வைத்தேன்?

"முப்பிடாதி செத்துட்டா" என்றேன்.

"என்னது?" என்றார் அண்ணாச்சி.

"செத்துட்டா. ஆணியைப் பிடுங்குனவளைத்தான் யட்சி முதல்ல அடிப்பா. புது விதி."

"எம்மா, இப்பத்தான நல்லாப் பேசிக்கிட்டு இருந்தா ரெண்டு பேரும்?" தங்கசாமிக்கு நிஜமாகவே அழுகை வரும் போலிருந்தது.

நான் அவரைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் முன்னால் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"இப்பக் கூப்பிடுங்க."

யட்சியின் சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்கிவிட்டது. உப்பு கேட்கிற முகம் வந்தது. "யாரை?" என்றார்.

"இங்க இன்னும் யாரு இருக்கா கூப்பிட?"

வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியில் வேர்வை. பேயாக மாறி ஒரு ஊரையே மயக்கினவருக்குத் தன் குரலில் ஒரு வார்த்தையை வெளியே தள்ள முடியவில்லை. சுவரில் நான் அழித்துவிட்ட பலகையைப் பார்த்தார். அங்கே ஒத்தாசைக்கு ஒன்றும் இல்லை. நான் எழுந்திருப்பதாக இல்லை. அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"குழலு" என்றார்.

உடைந்த குரல், அரைகுறையாக வந்தது. யட்சியின் குரலுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அதில் சாக்பீஸ் டீச்சரைத் தவிர வேறு யாருக்கும் பங்கு இல்லை. நாலு வருஷத்தில் முதல்முறையாக என் புருஷன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அதை அந்தத் தங்கசாமியும் ஆவுடைநாயகம் அண்ணாச்சியும் என்னோடு சேர்ந்து கேட்டுவிட்டார்களே என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.